சட்டக் கல்லூரியில் இடம் கிடைக்குமா? கணக்கும் தவக்குலும்

(மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளியானதையொட்டி நமது பள்ளிவாசல் வளாகத்தில் நடைபெற்ற கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் தலைமை இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் ஏக இறைவன் அல்லாஹ்வுக்கே உரியன. அவனுடைய இறுதித் தூதர் முஹம்மது நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

 

தேர்வு முடிவு வந்த நாள் முதல் என்னிடம் துஆக் கேட்டு வரும் பிள்ளைகளில் சிலர், "ஹஜ்ரத், சட்டக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைக்குமா?" என்றும் கேட்கின்றனர். துஆச் செய்வது என் கடமை, செய்கிறேன். ஆனால் அந்தக் கேள்விக்குத் துஆ மட்டும் விடையாகாது. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு அல்லாஹ்வின் மீது பொறுப்புச் சாட்டலாமா என்று கேட்டவரிடம், முதலில் அதைக் கட்டிவிட்டுப் பிறகு பொறுப்புச் சாட்டும்படி நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நாம் மிம்பரில் பலமுறை கேட்டிருக்கிறோம். மதிப்பெண்ணைக் கணக்கிடுவதும், விதியைப் படிப்பதும், சான்றிதழைச் சரிபார்ப்பதும்தான் இங்கே ஒட்டகத்தைக் கட்டுவது. இன்று நான் பேச வந்தது அந்தக் கயிற்றைப் பற்றி.

தன்னைத் தானே எடைபோடுதல்

தம்மைத் தாமே கணக்குப் பார்த்துக்கொள்வதை நமது முன்னோர்கள் முஹாஸபா என்றார்கள். மறுமையில் கணக்குக் கேட்கப்படுமுன் இங்கேயே கணக்குப் பார்த்துக்கொள்ளுமாறு உமர் (ரலி) அவர்கள் மக்களை எச்சரித்துள்ளார்கள். யூஸுஃப் (அலை) அவர்கள் எகிப்தின் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் பேணிக் காப்பவர், அறிந்தவர் என்று தம் தகுதியை எடுத்துரைத்தார்கள். அதில் பெருமையடித்தலும் இல்லை. பொய்யான பணிவும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொன்னார்கள்.

நம் பிள்ளைகளிடம் நான் காண்பது இரண்டு தவறுகள். ஒரு சாரார், "நமக்குத்தான் இட ஒதுக்கீடு இருக்கிறதே" என்று நிச்சயமாக இருந்துவிடுகிறார்கள். மற்றொரு சாரார், "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கப் போகிறது" என்று விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிறார்கள். முன்னவர் நம்பியதும் பின்னவர் அஞ்சியதும் கணக்குப் பார்க்காமல்தான்.

வாசல்கள் வெவ்வேறு

முதலில் எந்த வாசலில் நிற்கிறோம் என்று தெரிய வேண்டும். சட்டப் படிப்புக்கு நம்மைப் போன்றவர்களுக்கு முக்கியமாக மூன்று வாசல்கள் உள்ளன.

முதலாவது, பிளஸ் டூ முடித்தவுடன் சேரும் ஐந்தாண்டுப் படிப்பு. அரசு சட்டக் கல்லூரிகளுக்கான சேர்க்கையைத் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் நடத்துகிறது. இதற்கு நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணே தரவரிசையைத் தீர்மானிக்கிறது. பெரம்பலூர், அரியலூர் மாவட்டத்தாருக்கு அருகில் இருப்பது திருச்சி அரசு சட்டக் கல்லூரி. சென்னையில் பல்கலைக்கழகமே நடத்தும் சீர்மிகு சட்டப் பள்ளிக்கும் பிளஸ் டூ மதிப்பெண்தான் அளவுகோல். ஆயினும் அங்கே போட்டி மிகக் கடுமை.

இரண்டாவது, பட்டம் பெற்றபின் சேரும் மூன்றாண்டுப் படிப்பு. இதற்குப் பட்டப்படிப்பில் பெற்ற மதிப்பெண் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. பிளஸ் டூவில் சறுக்கியவருக்கு அல்லாஹ் வைத்திருக்கும் மறுவாய்ப்பு இது. ஆனால் கலைக் கல்லூரியில் மூன்றாண்டுகளை வீணாக்கியவருக்கு இந்த வாசலும் குறுகிவிடும்.

மூன்றாவது, கிளாட் எனப்படும் அகில இந்திய நுழைவுத் தேர்வு. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு உரியது. அவற்றில் ஒன்று நமக்குக் கூப்பிடு தூரத்தில், திருச்சி நாவலூர் குட்டப்பட்டில் இருக்கிறது. 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்தது. இத்தேர்வு ஆங்கிலத்தில் நடைபெறுவது. இரண்டு மணி நேரம், 120 வினாக்கள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிக்கப்படும். அண்மைக் காலமாக டிசம்பர் மாதத்திலேயே தேர்வு நடந்துவிடுகிறது. பிளஸ் டூ முடிவு வந்தபின் இதைப் பற்றிக் கேட்கும் பிள்ளை, அந்த ஆண்டைத் தவறவிட்ட பிள்ளை. பன்னிரண்டாம் வகுப்பில் சேர்ந்த உடனேயே, இன்னும் சொன்னால் பதினொன்றாம் வகுப்பிலேயே கேட்கவேண்டிய கேள்வி அது.

தகுதி வேறு, வாய்ப்பு வேறு

இந்திய பார் கவுன்சில் 2008-இல் வகுத்த சட்டக் கல்வி விதிகள் குறைந்தபட்ச மதிப்பெண்ணைப் பொதுப் பிரிவினருக்கு 45 விழுக்காடாகவும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 40 விழுக்காடாகவும் வைத்தன. இதைக் கேட்ட நம் பெற்றோர், "என் பிள்ளை 60 வாங்கியிருக்கிறான், அப்படியானால் கிடைத்துவிடும்" என்று எண்ணுகிறார்கள். அது விண்ணப்பம் போடுவதற்கான எல்லை. இடம் கிடைப்பதற்கான எல்லை அன்று. நிக்காஹ் விருந்துக்கு அழைப்பிதழ் வந்தது என்பதற்காக முதல் பந்தியிலேயே இடம் கிடைக்கும் என்று சொல்ல முடியுமா?

வாய்ப்பை அறிய, சென்ற ஆண்டுகளில் ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண் என்ன என்று பார்க்கவேண்டும். இதைத்தான் கட் ஆஃப் என்கிறோம். ஓராண்டுக்குரியதை மட்டும் பார்த்தால் ஏமாற்றும். கிடைக்குமானால் மூன்றாண்டுகளுக்குரியதை வைத்துப் பாருங்கள். உங்கள் மதிப்பெண்ணை 100-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். 600-க்கு 468 என்றால் 78. எந்தெந்தப் பாடங்களைக் கூட்டுவது என்பதை அந்தந்த ஆண்டின் விளக்கக் கையேட்டைப் பார்த்தே செய்யுங்கள். டீக்கடையில் கேட்டுச் செய்யாதீர்கள். பிறகு கல்லூரிகளை மூன்று வரிசையாக எழுதுங்கள்: என் மதிப்பெண் தாராளமாகத் தாண்டுவது, அருகில் நிற்பது, எட்டாதது. பெருநகரக் கல்லூரிகளில் போட்டி அதிகம். 2017-இல் தொடங்கிய விழுப்புரம், தருமபுரி, இராமநாதபுரம், 2019-இல் தொடங்கிய சேலம், நாமக்கல், தேனி, 2022-இல் தொடங்கிய காரைக்குடி ஆகிய கல்லூரிகளையும் வரிசையில் சேருங்கள். திருச்சி கிடைத்தால் படிப்பேன், இல்லாவிட்டால் வேண்டாம் என்பவர் சட்டத்தை விரும்பவில்லை. ஊருக்குத் திரும்பும் பேருந்தை விரும்புகிறார்.

மூன்றரை விழுக்காட்டின் உண்மைக் கணக்கு

2007-ஆம் ஆண்டு தமிழக அரசு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு மூன்றரை விழுக்காடு தனி ஒதுக்கீடு வழங்கியது. சமுதாயம் நெடுங்காலம் கேட்டுப் பெற்ற உரிமை அது. ஆனால் அதன் அளவை நம்மில் பலர் அறியவில்லை.

ஆயிரம் இடங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 310 இடங்கள் பொதுப் போட்டிக்கு, 265 பிற்படுத்தப்பட்டோருக்கு, 200 மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு, அருந்ததியருக்கான 30 உட்பட 180 பட்டியல் சாதியினருக்கு, 10 பழங்குடியினருக்கு, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 35. எண்பது பேர் அமரும் ஒரு வகுப்பில் நம் பங்கு ஏறத்தாழ மூன்று நாற்காலிகள். தமிழகம் முழுவதிலுமுள்ள நம் பிள்ளைகள் அந்த மூன்றுக்காகத்தான் வரிசையில் நிற்கிறார்கள்.

அந்த 310 இடங்கள் எந்தச் சமூகத்தாருக்கும் தனி உரிமையானவை அல்ல. மதிப்பெண் உள்ள எவருக்கும் உரியவை. உயர்ந்த மதிப்பெண் பெற்ற முஸ்லிம் மாணவி அங்கே இடம் பெற்றால், ஒதுக்கீட்டு நாற்காலி அவளுக்குப் பின்னால் நிற்கும் இன்னொரு பிள்ளைக்குக் கிடைக்கிறது. ஆகவே நன்றாகப் படிப்பது தனக்கு மட்டும் செய்துகொள்ளும் நன்மை அன்று; தன் சகோதரனுக்கும் செய்யும் தர்மம்.

இன்னொன்று: லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), அன்சார், தக்கானி முஸ்லிம், துதேகுலா, மாப்பிள்ளா, ஷேக், ஸையித் ஆகிய ஏழு பிரிவினருக்கே இந்த ஒதுக்கீடு. முஸ்லிம் என்பதாலேயே கிடைத்துவிடாது. சாதிச் சான்றிதழில் பிரிவு சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று இன்றிரவே பாருங்கள். பள்ளிச் சான்றிதழில் "முகமது", ஆதாரில் "முஹம்மத்", சாதிச் சான்றிதழில் வேறொன்று என்று ஒரே பிள்ளைக்கு மூன்று பெயர்கள் இருக்கின்றன. விண்ணப்ப நாளில் வட்டாட்சியர் அலுவலகத்திற்கு ஓடுவதைவிட, இப்போதே திருத்திக்கொள்வது எளிது.

2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசுப் பள்ளிகளில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் ஏழரை விழுக்காடு முன்னுரிமை உண்டு; சட்டப் படிப்பும் அதில் அடங்கும். அரசு உதவிபெறும் பள்ளிகள் அடங்கா. நம் ஊர்களில் தகப்பனார் வளைகுடாவில் வெயிலில் நின்று அனுப்பும் பணத்தில் பிள்ளையைத் தொலைவிலுள்ள தனியார் பள்ளிக்கு அனுப்புகிறோம். அனுப்பக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எதைக் கொடுத்து எதைப் பெறுகிறோம் என்று தெரிந்து அனுப்புங்கள் என்றுதான் சொல்கிறேன்.

என் தவறு ஒன்று

இங்கே என் குறையொன்றை ஜமாஅத்தின் முன் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், எட்டாம் வகுப்பு முடித்த ஒரு சிறுவனை அவனுடைய தந்தை என்னிடம் அழைத்து வந்தார். நல்ல நினைவாற்றல் உள்ள பிள்ளை. "ஓதப் போகட்டும்; பள்ளிப் படிப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னவன் நான். பிள்ளை ஹாபிழானார், ஆலிமானார், அல்ஹம்துலில்லாஹ். பிறகு வயதை மட்டும் தகுதியாக வைத்துத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகச் சேர்ந்து, நல்ல மதிப்பெண்ணுடன் பட்டமும் பெற்றார். மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கு விண்ணப்பித்தார். ஏற்கப்படவில்லை. பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் இல்லாமல் நேரடியாகப் பெற்ற பட்டம் சட்டப் படிப்புக்குத் தகுதியாகாது என்பது பார் கவுன்சில் விதி. அவர் என்னிடம் வந்து, "ஹஜ்ரத், நான் எந்தத் தேர்விலும் தோற்கவில்லையே" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தோற்றது அவர் அல்லர்; அவருக்கு வழி சொன்ன நான்.

ஆகவே ஆலிம் படிப்புக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோருக்குச் சொல்கிறேன்: பத்து, பன்னிரண்டு, பட்டம் என்ற வரிசை கலையக்கூடாது. பள்ளிக்கு நேரில் செல்லாமல் தொலைநிலை வழியில் பிளஸ் டூ முடித்தவரையும் பார் கவுன்சில் விதி ஏற்கிறது. படியைத் தாண்டிக் குதித்தவரைத்தான் ஏற்பதில்லை. மதரஸாவில் ஓதிக்கொண்டே இத்தேர்வுகளை எழுத வழியுண்டு. அந்த மகன் இப்போது பத்தாம் வகுப்பிலிருந்து மீண்டும் தொடங்கியிருக்கிறார். ஃபிக்ஹும் உஸூலும் ஓதியவருக்குச் சட்ட நூல் அந்நியமானது அன்று. வாதி, பிரதிவாதி, சாட்சி, சத்தியம் என்பவற்றை அவர் பதினைந்து வயதிலேயே ஓதியிருக்கிறார். அத்தகையவரை வாசலில் நிறுத்திவிட்டது நம் அறியாமை.

அரியலூரின் பாடம்

அரியலூர் மாவட்டம் குழுமூரைச் சேர்ந்த மாணவி அனிதாவை நம் பகுதியில் அறியாதவர் இல்லை. 2017-இல் பிளஸ் டூவில் 1200-க்கு 1176 பெற்ற ஏழைத் தொழிலாளியின் மகள். பழைய முறைப்படி மருத்துவக் கல்லூரியில் நிச்சயம் இடம் பெற்றிருப்பார். அந்த ஆண்டு நீட் கட்டாயமானது. உச்ச நீதிமன்றம் வரை சென்றார். செப்டம்பர் 1-ஆம் நாள் அந்த இளம் உயிரை நாம் இழந்தோம்.

பிள்ளையின் உழைப்பு மாறாமல் இருக்க, அளவுகோல் மாறிவிடக்கூடும் என்பதை அந்த ஆண்டு நமக்கு உணர்த்தியது. ஆகவே விதிகளை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் படியுங்கள். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. தரவரிசைப் பட்டியல் வெளியாகும் நாளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைச் சொல்லிக் காட்டாதீர்கள். அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று மகனைத் தொலைத்த யஃகூப் (அலை) தம் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். நாமும் நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லவேண்டும். பட்டியல் சொல்வது இந்த ஆண்டு, இந்தக் கல்லூரியில், இந்த வரிசை என்பதை மட்டுமே. பிள்ளையின் மதிப்பைச் சொல்ல அதற்கு அதிகாரம் இல்லை.

ஏன் இத்தனை பாடு?

"வக்கீல் தொழில் பொய் சொல்லும் தொழிலாயிற்றே, ஹஜ்ரத்" என்று சிலர் கேட்கிறார்கள். உறவினருக்கோ தமக்கோ எதிராக இருப்பினும் நீதியில் நிலைத்து நின்று சாட்சி கூறும்படி சூரத்துன் நிஸாவின் 135-ஆவது வசனம் முஃமின்களைப் பணிக்கிறது. அலி (ரலி) அவர்களை யமனுக்கு நீதிபதியாக அனுப்பியபோது, மறுதரப்பைக் கேளாமல் தீர்ப்புக் கூறக்கூடாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். மறுதரப்பு பேசத் தெரியாததாக இருந்தால் அதற்காகப் பேச ஒருவர் வேண்டாமா? பொய் சொல்பவர்கள் எல்லாத் தொழிலிலும் இருக்கிறார்கள். உண்மை சொல்பவர்கள் உள்ளே போகாதவரை அவர்கள்தான் இருப்பார்கள்.

நம் ஜமாஅத்தின் நிலையைப் பாருங்கள். வக்ஃப் நிலத்தின் பழைய பத்திரத்தைப் படித்துப் பொருள் சொல்ல ஆள் தேடுகிறோம். சிமெண்ட் ஆலைக்கும் சுண்ணாம்புக்கல் சுரங்கத்திற்கும் நிலம் கொடுத்த அரியலூர்ப் பகுதி விவசாயிகளில் எத்தனை பேர் கையெழுத்திட்ட தாளைப் படித்தார்கள்? முன்பு பள்ளிவாசல் பதிவேட்டில் எழுதி முடித்த காரியங்கள் இன்று நீதிமன்றப் படியேறுகின்றன. தனியார் அமைப்புகள் தரும் குலா சான்றிதழ் செல்லாது, பெண் குடும்ப நீதிமன்றத்தையே அணுகவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. அந்தப் படியில் தனியாக நிற்கும் நம் சகோதரி, தன் துயரத்தை வெட்கமின்றி எடுத்துச் சொல்ல நம் வீட்டுப் பெண் ஒருவர் வழக்கறிஞராக இருக்கவேண்டாமா?

பெண் பிள்ளைக்குச் சட்டமா என்று தயங்குவோர் நீதியரசர் பாத்திமா பீவி அவர்களை எண்ணிப் பார்க்கட்டும். பத்தனம்திட்டையில் பிறந்து, 1989-இல் இந்திய உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியாகி, பின்னர் தமிழக ஆளுநராகவும் இருந்தவர் அவர். நாகூரில் பிறந்த மு.மு. இஸ்மாயீல் அவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானார். காரைக்குடியைச் சேர்ந்த இப்ராஹீம் கலிஃபுல்லா அவர்கள் உச்ச நீதிமன்ற நீதிபதியானார். எல்லோரும் ஒரு நாள் ஒரு சட்டக் கல்லூரியின் வாசலில் விண்ணப்பத்துடன் நின்றவர்களே.

ஜமாஅத்தின் முன் மூன்று வேண்டுகோள்கள்

ஒன்று: தேர்வு முடிவு வரும் வாரம் முழுவதும் அஸருக்குப் பின் பள்ளிவாசல் அலுவலகத்தில் ஒரு மேசை போடுவோம். நம் மஹல்லாவில் பட்டம் பெற்றவர்கள் அமர்ந்து விண்ணப்பம், சான்றிதழ், கட் ஆஃப் ஆகியவற்றைப் பார்த்துத் தரட்டும். வசதியில்லாத பிள்ளையின் விண்ணப்பக் கட்டணத்தைப் பைத்துல்மால் ஏற்கட்டும். அப்பிள்ளை எந்த ஜமாஅத்தைச் சேர்ந்தது, எந்தத் தெருவைச் சேர்ந்தது என்று பார்க்கவேண்டாம்; பிற சமயத்துப் பிள்ளை வந்தாலும் உதவுவோம்.

இரண்டு: நம் மக்தபிலிருந்து மேற்கொண்டு ஓதச் செல்லும் எந்தப் பிள்ளையும் பத்தாம் வகுப்புத் தேர்வுக்கான ஏற்பாடு இல்லாமல் போகக்கூடாது. இதற்கு நான் பொறுப்பேற்கிறேன். மீண்டும் ஒருவரிடம் பதில் சொல்லத் தெரியாமல் நிற்க எனக்கு விருப்பமில்லை.

மூன்று: பிளஸ் டூ முடிக்கும் முன் மகனுக்குப் பாஸ்போர்ட் எடுக்க ஓடாதீர்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கவும் ஓடாதீர்கள். கட் ஆஃப் பார்த்து, இடம் கிடைக்காது என்று தெரிந்தால் அதுவும் ஒரு விடையே. மூன்றாண்டுப் பட்டத்தை நன்றாகப் படித்து மறு வாசலுக்கு வரலாம். கணக்குப் பார்த்துத் தெரிந்துகொண்ட "இல்லை", கணக்குப் பார்க்காமல் நம்பியிருந்த "ஆம்" என்பதைவிட மேலானது.

மாணவச் செல்வங்களே! கணக்குப் பாருங்கள்; அனுபவமுள்ளவரிடம் கலந்தாலோசியுங்கள்; இஸ்திகாரா தொழுங்கள்; விண்ணப்பத்தைக் கடைசி நாளுக்கு முன்பே அனுப்புங்கள். அதன்பின் என்னிடம் துஆக் கேட்டு வாருங்கள். கட்டிய ஒட்டகத்தின் அருகில் நின்று கையேந்துவோம்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளின் உழைப்பை வீணாக்கிவிடாதே. அவர்களுக்குப் பயனுள்ள கல்வியையும், நீதியைப் பேசும் நாவையும், ஏமாற்றத்தைத் தாங்கும் இதயத்தையும் வழங்குவாயாக. அறியாமையால் நாங்கள் தவறாகக் காட்டிய வழிகளுக்காக எங்களை மன்னிப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.